ஸ்டீல் குண்டு

வானகரத்தில், பைபாஸை ஒட்டிய அந்தக் கண் கிளினிக்கில் கருவிழியின் வளைவை அளக்க இரண்டு மெஷின்கள் இருந்தன. காலையில் நோயாளிகள் வருவதற்கு முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மைதிலியின் வேலை. கண் வர வேண்டிய இடத்தில் பளபளப்பான ஸ்டீல் குண்டைப் பொருத்துவாள். இரண்டு மெஷினும் ஒரே அளவைக் காட்ட வேண்டும்.

அன்று புது மெஷின் அளவு காட்டவில்லை. கண் சிமிட்டியதால் பதிவாகவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதேதான்.

“சுலைமான் அண்ணா, குண்டு கண்ண சிமிட்டுதுன்னு சொல்லுது.”

வரவேற்பறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். “புது மிஷின் அப்டித்தாம்மா, ஒளறும். பழசுல வச்சிப் பாரு.”

பழைய மெஷினுக்குத் திரை கிடையாது. குழாயில் கண்ணை வைத்து நாமே பார்க்க வேண்டும். குண்டின் மேல் மெஷின் பாய்ச்சும் வெளிச்ச வளையங்கள் அசையாமல் தெரிந்தன. அப்போதுதான் மைதிலிக்கு மூச்சே வந்தது. அளவெடுக்கக் குமிழைத் திருகினாள்.

வளையங்கள் மேலிருந்து கீழாக மறைந்தன. பிறகு கீழிருந்து மேலாகத் திரும்பி வந்தன.

“இன்னாம்மா, பழசுல சரியா காட்டுதா?”

அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வளையங்கள் இப்போது மெதுவாக ஓரத்துக்கு நகர்ந்தன. எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி, மெஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டு அளப்பவரின் முகத்தை எட்டிப் பார்க்கும்போது அவை அப்படித்தான் நகரும்.