சத்தம் போடாத வண்டி

ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று உதயரூபன் இரண்டாம் தடவையும் கேட்டார்.

"அப்பவே ஆகிட்டு அங்கிள். நீங்க மிதிக்கிறதுதான் பாக்கி," என்றான் பக்கத்துச் சீற்றில் இருந்த பிரதீஸ். கல்லடியில் மின்சார வாகனம் விற்கும் கடையில் வேலை செய்பவன். வாங்க வருகிறவர்களை ஓட்டிப் பார்க்க விடுவது அவன் பொறுப்பு.

மிதித்தார். வண்டி, அடுப்படிக்குள் நுழையும் களவுப் பூனை மாதிரித் தெருவில் இறங்கியது.

உதயரூபன் இருபது வருஷமாக டீசல் வேன் ஓட்டுகிறவர். அந்த வேன் கிளம்பினால் அடுத்த தெருக் கோழியும் கூரையேறும். இப்போது தன் காதுதான் அடைத்துவிட்டதோ என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்து பார்த்தார். காதில் பழுதில்லை.

பிரதீஸ் பாடம் ஒப்புவித்துக்கொண்டே வந்தான். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும், பின்சீற்றை மடித்தால் எவ்வளவு சாமான் ஏற்றலாம், இந்த விலைக்கு இப்படி ஒரு குடும்ப வண்டி வேறெங்கும் கிடைக்காது என்பது வரைக்கும்.

உதயரூபன் விலையைக் கேட்கவில்லை. விலை கேட்காத ஆள் வாங்கவா போகிறார் என்ற கவலை பையனின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"மெதுவாப் போனாலும் சத்தம் வராதா, மனே?"

"சின்னதா ஒரு மூச்சுச் சத்தம். அவ்வளவுதான் அங்கிள்."

காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைத் தாண்டியதும் நடுவீதியில் ஒரு மாடு நின்றது. வண்டி அதன் வாலடிக்கே போய் நின்றது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதயரூபனுக்கு இறங்கிப்போய் அந்த மாட்டைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

மாட்டுக்கே கேட்கவில்லை என்றால் மகளுக்கும் கேட்காது.

மகள் விதுர்ஷா தான் விரும்பியவனைக் கட்டி மூன்று வருஷம். வேறு ஊரென்றால் இப்படிக் கட்டிய பெண்தான் வீட்டை விட்டுப் போவாள். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆரையம்பதி வீட்டை அவள் சின்னவளாக இருக்கும்போதே அவள் பேருக்கு எழுதி வைத்தவர் உதயரூபன்தான். ஆகவே கோபித்துக்கொண்டு வெளியேற வேண்டியவரும் அவராகவே ஆகிப்போனார்.

"இனி என்ர கண்ணில படாத!" என்று முற்றத்தில் நின்று கத்திவிட்டு, உடுப்புப் பையோடு வேனில் ஏறினார். மனைவி சுலோஜனா தலையில் அடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். கல்லடியில் வாடகை வீடு பார்த்தார்கள். மகளின் பேச்சை வீட்டில் எடுக்கவே கூடாது என்று சட்டமும் போட்டார்.

சட்டம் போட்டவரால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. கடைசிப் பிள்ளையின் வீடு மகள் வீட்டுச் சந்தில், அதே ஒழுங்கையில், இருந்தது. ஒவ்வொரு மத்தியானமும் வேன் அந்த முனையில் திரும்பும்போதே மகள் வீட்டுக் கேற் படாரென்று சாத்துப்படும்.

பேத்தி பிறந்து ஒன்றரை வருஷம். மதிலுக்கு மேலால் தெரியும் கொடியில் சின்னச் சட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வருவதைத்தான் பார்த்திருக்கிறார். அவற்றைப் போடுகிறவளைப் பார்த்ததில்லை. கல்நெஞ்சுக்காரி என்று மகளை வாய்க்குள் திட்டியபடியே கடந்து போவார். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

இன்று வேன் பழுதாகிக் கராஜில் கிடந்தது. பிள்ளைகளை ஒரு கூட்டாளி ஏற்றப் போயிருந்தான். கராஜுக்கு எதிரில்தான் பிரதீஸின் கடை. சத்தமே போடாத வண்டி என்று வாசலில் எழுதியிருந்ததை எத்தனையோ நாளாகப் பார்த்து வைத்திருந்தார்.

ஆரையம்பதியில் வாவிப் பக்கமாகத் திருப்பினார்.

"ஐயோ அங்கிள், அது ஒடுக்கமான ஒழுங்கை!"

"ஒழுங்கைக்குள்ளயும் ஓடிப் பாக்கத்தானே வேணும்."

முனையில் திரும்பினார். நெஞ்சு அடித்த அடிக்கு வண்டியின் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேற் சாத்துப்படும் என்று காதைக் கொடுத்தார்.

சாத்துப்படவில்லை.

விரியத் திறந்திருந்த கேற்றுக்கு வெளியே விதுர்ஷா நின்றாள். இடுப்பில் பிள்ளை. உதயரூபன் அவர்களுக்கு நேரே வண்டியை நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஆசை தீரப் பார்த்தார். பிள்ளைக்குச் சுலோஜனாவின் நெற்றி. மூக்கு மட்டும், பாவம், அவருடையது.

மகளின் கண் வண்டியில் படவேயில்லை. எட்டி எட்டி ஒழுங்கை முனையையே பார்த்தாள். வண்டி மறைத்ததும் அந்தப் பக்கம் தள்ளி நின்று பார்த்தாள். யாருக்காக இந்த வெயிலில் நிற்கிறாள் என்று உதயரூபனுக்கு விளங்கவில்லை. புருஷனுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் கிட்டே வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"அண்ணன், வண்டியக் கொஞ்சம் முன்னுக்கு எடுங்களன். எங்கட அப்பாட வேன் வாற நேரம். நீங்க நிண்டா அவரால போக ஏலாது. முனையும் தெரியாது, அவர்ர கண்ணில பட முந்தி நான் கேற்றச் சாத்த வேணும்."

வேன் என்றதும் இடுப்பிலிருந்த பிள்ளை உதட்டைக் குவித்து, எச்சில் தெறிக்க, "டுர்ர்ர்ர்" என்றது. அச்சொட்டாக அவருடைய வேன்.

கண்ணாடியை இறக்கும் பொத்தான் எது என்று உதயரூபனுக்குத் தெரியவில்லை. பிரதீஸிடம் கேட்கவும் நேரமில்லை. கதவில் கைக்கு எட்டிய எல்லாவற்றையும் அமுக்கினார்.

நான்கு கண்ணாடிகளும் ஒன்றாக இறங்கின.