பத்து சைஸ் பேரிங்

“டிராக்டர் என்ஜினுக்குப் பத்து சைஸ் பேரிங் ஒரு செட் குடுங்கண்ணே.”

“கிராங்க் ஷாஃப்டை எந்த சைஸுக்குக் கடைஞ்சிருக்கும்மா?” என்றார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்.

“இருபது.”

“அப்போ இருபது சைஸ் பேரிங்தான் போடணும். பத்து அதைவிட மெல்லிசு, போட்டா லொடலொடன்னு ஆடி என்ஜினே போயிடும்.”

“தெரியும்ணே. பத்தே குடுங்க.”

“உன் வீட்டுக்காரர் எவ்வளவு பெரிய மெக்கானிக்! என் மூஞ்சியில காறித் துப்புவாரும்மா.”

“துப்பட்டுமே. ரெண்டு மாசமா பிரிச்ச மேனிக்குக் கிடக்கு. இப்ப விட்டா இனிமே அவர் அந்த என்ஜினைத் தொடவே மாட்டார்.”

அவள் பிடிவாதம் தாங்காமல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை கடைப் போன் அலறியது.

“யோவ், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இருபதுக்குப் பத்தைக் குடுத்திருக்கே! பொம்பளை வந்தா எதை வேணும்னாலும் தலையில கட்டிடுவியா? இரு, நேர்லயே வர்றேன்!”

‘உங்க சம்சாரம்தான் கேட்டுச்சு’ என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் போன் கை மாறியது. அவள் குரல் தழுதழுத்தது.

“மன்னிச்சுக்குங்கண்ணே. அண்ணனும் தம்பியுமா சேர்ந்து பிரிச்ச என்ஜின் அது. கொழுந்தன் செத்ததிலிருந்து இவர் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. டப்பாவைத் திறந்து பேரிங்கைப் பார்த்ததும் இப்பத்தான் வாயைத் திறந்தார். அங்கேதான் கிளம்பிட்டார், சட்டையைப் போட்டுக்கிட்டு.”

கடைக்காரர் பேரிங் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

“வரட்டும்மா. இருபதுக்குப் பதிலா முப்பதை எடுத்து நீட்டறேன். இன்னும் கொஞ்சம் திட்டட்டும்.”