ஜெராக்ஸ் எடுக்கப் போன வழியில்

சாட்சிக் கூண்டின் கட்டையை ஒரு கை பிடித்திருந்தது. அது தன்னுடைய கைதானா என்று ஒரு முறை குனிந்து பார்த்துக்கொண்டான்.

அப்பாவின் உயிலை ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோன வழியில் தொலைத்துவிட்டதாக அவன் கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்திருந்தான்.

அவன் என்ன செய்வான். எழுதியது வக்கீல்.

அந்த வக்கீலிடம் வருகிற எல்லோருடைய பத்திரமும் ஜெராக்ஸ் எடுக்கப் போன வழியில்தான் தொலையும். தபாலாபீஸ் முக்கு வேப்பமரத்துக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில். அங்கே பூமி வாயைத் திறந்து பத்திரம் தின்பதாக ஊரில் பேச்சு. அந்த மரம் சித்திரை வெயிலிலும் வாடியதில்லை.

பேப்பரில் விளம்பரமும் கொடுத்தாயிற்று. கண்டெடுத்தவர்கள் வக்கீலிடம் ஒப்படைக்கவும்.

மனைவி பிரமுவோடு அவன் குடியிருக்கும் வீட்டை, அப்பா மொத்தமாக அக்காள் உலகம்மைக்கு எழுதிவைத்த உயில் அது. பதிவு செய்யாதது. வேறு பிரதி கிடையாது. அது இல்லையென்றால் பாதி வீடு அவனுக்கு.

கொளுத்தியிருக்கலாம்.

தீப்பெட்டியும் கையுமாக நின்றும் பார்த்தான். தலைப்பில் பிள்ளையார் சுழி. நாலு மூலையிலும் மஞ்சள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பப் பீரோவிலேயே வைத்துவிட்டான்.

கோர்ட்டில் பொய் சொல்லும்போது அந்தப் பயம் வரவில்லை. அது டைப் அடித்த தாள்.

உலகம்மை விடவில்லை. விளம்பரம் வந்த பிறகு, பொங்கலுக்கு வந்தபோதும் உயிலைப் பீரோவில் கண்ணால் பார்த்தேன் என்று அவளும் சத்தியம் செய்தாள். பொய்ச் சத்தியம் செய்தவனை உள்ளே போட வேண்டும் என்று மனுப் போட்டாள். ஏழு வருஷம் வரை போடலாமாம்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

கோர்ட் அமீனா இப்போதே போய் அந்தப் பீரோவைத் திறந்து பார்க்கட்டும் என்றார்.

அவன் வைத்த உயில் அதற்குள்தான். காலையில் சட்டை எடுக்கும்போதுகூட அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தான்.

வாசலில் சலசலப்பு.

டவாலி ஒரு பூக்காரியைக் கூட்டி வந்தான். இடுப்பில் காலிக் கூடை. கையில் ஒரு பழுப்புத் தாள்.

"வேப்பமரத்தடியில கெடந்துச்சும்மா. பேப்பர்ல போட்டிருக்குன்னு சொன்னாக. வக்கீலய்யா இங்கதான் இருக்காகன்னும் சொன்னாக."

பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

அதே தாள்.

அதே மஞ்சள். அப்பாவின் கோணல் கையெழுத்து.

வக்கீல் எழுந்தார். உட்கார்ந்தார். முப்பது வருஷத் தொழிலில் அந்த வழியில் தொலைந்த ஒன்று திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. வாய்க்கு எடுத்துப்போன தண்ணீரைக் கோட்டில் ஊற்றிக்கொண்டார்.

உலகம்மை திறந்த வாயை மூடவில்லை. வீடு கிடைத்துவிட்டது. ஆனால் பீரோவில் பார்த்ததாகச் செய்த சத்தியம் இப்போது பொய்யாகி நிற்கிறது.

"நீங்க தொலைச்சது இதுதானா?" என்றார் நீதிபதி.

ஆமாம் என்றால் வீடு போகும்.

இல்லை என்றால் அவன் போவான்.

பின்வரிசையைப் பார்த்தான். பிரமு உட்கார்ந்திருந்தாள். அவன் பைக்கில் கிளம்பிய பிறகு பஸ் பிடித்து வந்தவள். என்றைக்கும் ஒரு முழம் வைப்பவள், இன்று கழுத்து சாய்கிற அளவுக்குத் தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

அவனைப் பார்த்தாள். கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"ஆமா" என்றான்.

மனு தள்ளுபடி ஆயிற்று.

கூண்டிலிருந்து இறங்கப் படி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிரமு எழுந்தாள். அவனிடம் வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் போய் உலகம்மை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மைனி, மச்சு ரூம் சும்மாத்தான கெடக்கு. எங்களுக்கு வாடகைக்கு விடுவீகளா?"