ஹீற்றருக்குள் ஈர்க்கு

அந்த ஈர்க்கின் இரண்டு முனைகளும் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நேராக இருந்தன. சுரேன் அதை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு, முழங்காலில் நின்றபடியே யோசித்தான். விளக்குமாற்று ஈர்க்கு தானாக நடந்து வந்து ஹீற்றருக்குள் ஏறிக் குந்துமா?

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் அடுக்குமாடிகளுக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் நின்ற பொபில் அது. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த வீட்டு வண்டி. ஹீற்றரைப் போட்டால் தடதடவென்று சத்தம் வருகிறதென்று காலையில் அவன் வேலை செய்யும் கராஜுக்குப் போன் வந்திருந்தது. “சுரேன்தான் வரவேணும், வேற ஆள் வேண்டாம்” என்று பெயர் சொல்லிக் கேட்டிருந்தார் வண்டிக்குச் சொந்தக்காரி அருள்ராணி.

அப்போதே அவனுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அவனுடைய ஆறு மாதச் சோதனைக் காலம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. போன மாதம்தான் ஒரு வாடிக்கையாளர், இவன் முகத்தில் அடித்தாற்போல் கதைத்தான் என்று எழுதிப் போட்டிருந்தார். இன்னொரு முறைப்பாடு வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி மார்க்கஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

இப்போது பார்த்தால் ஹீற்றருக்குள் ஈர்க்கு. ஆரோ வேண்டுமென்றே பொறி வைத்திருக்கிறார்கள். அந்த ஆரோ வேறு யார், முன்னால் கால்மேல் கால் போட்டு இருக்கிற இந்த மனிசிதான்!

ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவர். அவன் வந்த நேரம் தொட்டு அவர் அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தம்பி, ஊரிலை எவடம்?”

“இளவாலை, அன்ரி.”

எங்கள் ஆட்கள் இதைக் கேட்காவிட்டால்தான் அதிசயம். அதனால் அதை அவன் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்து வந்தவைதான் இடித்தன.

“குடிக்கிறனீங்களோ?”

“இல்லை.”

“கெதியாக் கோவம் வருமோ?”

ஓகோ, மாப்பிள்ளை பார்க்கிற கதையாக்கும் என்று அவனுக்கு ஒரு கணம் பட்டது. அப்படியென்றால் முளையிலேயே கிள்ளிவிடுவதுதான் நல்லது. “எனக்குக் கலியாணம் முடிஞ்சுது, அன்ரி. ரெண்டு பிள்ளையள்.”

“தெரியும்,” என்றார் அருள்ராணி.

தெரியுமாம்! முன்பின் பார்த்திராத மனிசிக்கு அவனுடைய வீட்டு விசயம் எப்படித் தெரியும்? பழைய வாடிக்கையாளர் ஏவிவிட்ட ஆளோ, அல்லது மார்க்கஸே சோதிக்க அனுப்பினாரோ?

“தாய் தேப்பன்?”

“அம்மா தவறி நாலு வருசம். அப்பா திராமன் ரவுணிலை தனிய இருக்கிறார். ஞாயிறு ஞாயிறு போய்ச் சமைச்சு வைச்சிட்டு வருவம்.”

அருள்ராணி போனை எடுத்தார். அவன் பக்கம் நீட்டி ஒரு படம் பிடித்தார். பிறகு குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார்.

அவன் நாக்கு நுனியில் நாலு சூடான வார்த்தை வந்து நின்றது. பிள்ளைகளின் முகத்தை நினைத்து அதை விழுங்கினான். மூடியை வைத்துத் திருகி, ஹீற்றரைப் போட்டான். சூடான காற்று சத்தமில்லாமல் வந்தது. அதற்குப் பிறகுதான் கையை விரித்துக் காட்டினான்.

“அன்ரி, இந்த ஈர்க்கு விசிறியிலை பட்டுத்தான் சத்தம் போட்டது. ஆரோ வெட்டி வைச்சிருக்கினம்.”

“நான்தான் வைச்சனான்,” என்றார் அவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். “கோவம் வரேல்லையோ?”

“வருது, அன்ரி. பச்சையாச் சொன்னால் நல்லாத்தான் வருது. சண்டை பிடிச்சு என்னத்தைக் காணப்போறன்? ஆனால் இனிமேல் இப்பிடிச் செய்யாதேங்கோ. விசிறி நிண்டுபோனால் நடு வழியிலை குளிருக்குள்ளை நீங்கள்தான் கஷ்டப்படுவியள்.”

அவர் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் போனில் எழுதினார். எழுதி, அழித்து, திரும்ப எழுதினார்.

முடிந்தது கதை என்று நினைத்தான் சுரேன். கருவிப் பெட்டியைப் பூட்டினான். மானம் ரோசம் பார்த்தால் இனி ஆகாது.

“முறைப்பாடுதான் எழுதுறியளெண்டால் எழுதுங்கோ, அன்ரி. வெள்ளிக்கிழமையோடை எனக்கு வேலை நிரந்தரமாகும் எண்டு இருந்தனான். நான் என்ன பிழை செய்தனான் எண்டாவது சொல்லிப்போட்டு அனுப்புங்கோ.”

“அனுப்பிட்டன்,” என்றார் அவர்.

சுரேன் அப்படியே இருக்கையில் குந்திவிட்டான். மனைவிக்கு என்ன சொல்வது, மார்க்கஸுக்கு முன்னால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று ஒன்றும் ஓடவில்லை.

அருள்ராணி போனை மடியில் வைத்தார். அதுவரை பொலிஸ்காரியாய் இருந்த மனிசி, திடீரென்று சேலைத் தலைப்பைத் தேடுகிறவர்போலக் குளிரங்கியின் நுனியைப் பிடித்துத் திருகிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

“முதலாளிக்கில்லை, தம்பி. ‘மகனைப் பார்த்திட்டன், கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம்’ எண்டு உங்கட அப்பாவுக்கு எழுதினனான்.”