குப்புற விழுந்த காளை

“இதையா அனுப்பினீங்க? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

என் வீட்டுக்காரரின் மூக்குக்கு நேரே போனை நீட்டினேன்.

படத்தில் ஷேர் மார்க்கெட் சின்னமான காளை மாடு மாடிப்படியில் குப்புற விழுந்துகொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடி, தொப்பை, படிய வாரிய முடி என்று அச்சு அசல் அவர் சிநேகிதர் ஏஸேதான். கீழே ஒரு வரி: ‘பயப்படாதீங்க, சின்ன இறக்கம்தான்.’

“நல்லா வந்திருக்கில்ல?” என்றார், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

ஏஸ், பல் டாக்டர், வக்கீல், இவர். ஹாஸ்டலில் தீக்குச்சியைப் பந்தயம் கட்டிப் போக்கர் ஆடிய கோஷ்டி. அந்தச் சீட்டில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் ஏஸ். தலை நரைத்தும் சனிக்கிழமைச் சீட்டு மட்டும் நிற்கவில்லை.

ஏஸ் பேச்சைக் கேட்டு நாலு பேரும் ஒரே கம்பெனி ஷேரை வாங்கினார்கள். மார்க்கெட் சரிந்தது. ஷேர் பாதாளத்துக்குப் போயிற்று.

டாக்டரும் வக்கீலும் ஏஸைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அதோடு பேச்சும் போச்சு, சீட்டுக்குக் கூப்பிடுவதும் போச்சு. மனிதர் வாசல்படி தாண்டுவதில்லையாம். அவர் மனைவி போனில் என்னிடம் ஒரு மூச்சு அழுதாள்.

இந்த லட்சணத்தில் இவர், நாலு பேரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில் தினம் ஒரு கேலிப்படம்.

“உங்க பணம் போனா போகட்டும். நாற்பது வருஷ சிநேகிதம்ங்க. விழுந்தவரைத் தூக்கி விடாம, மேலே ஏறி உட்காருவாங்களா?”

“போக்கர்ல இதுக்குப் பேரு பிளஃப்.”

“பொய்யின்னு தமிழ்ல சொல்லுங்க.”

“பொய் இல்லம்மா. கையில இல்லாததை இருக்கிற மாதிரி காட்டறது.”

“உங்ககிட்ட இல்லாதது மனசு. அதையாவது இருக்கிற மாதிரி காட்டித் தொலைக்கறதுதானே?”

சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. பல் டாக்டர்.

“சிஸ்டர், அவன்கிட்ட சொல்லி வைங்க. மனுஷனை இப்படியா குத்தறது? ஏஸ் வேணும்னா செஞ்சான்? அவனுக்கும்தானே போச்சு?”

“போன வாரம் நீங்களே அவரை வாய்க்கு வந்தபடி பேசினீங்களே டாக்டர்?”

“அது வேற, சிஸ்டர். கோபத்துல ஆயிரம் சொல்வோம். அதுக்காகப் படம் போட்டு நாறடிக்கறதா? என்னால தாங்க முடியல. இப்பதான் ஏஸ் வீட்டுக்குப் போய், கட்டிப் பிடிச்சு அழுதுட்டு வர்றேன். சனிக்கிழமை சீட்டுக்கு அவன் வர்றான். உங்க வீட்டுக்காரன் வந்தா நான் எழுந்து போயிடுவேன். சொல்லிடுங்க.”

வைத்துவிட்டார்.

பாதி இங்கிலீஷிலும் மீதி தமிழிலுமாக இவரை ஒரு வாங்கு வாங்கினேன். “இப்பவே ஏஸுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா மத்தியானச் சாப்பாடு வெளியிலதான்.”

மனிதர் மறு பேச்சில்லாமல் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அந்தப் பணிவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மன்னிப்பை மென்று முழுங்கிவிடப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன்.

“டேய் ஏஸ்,” என்றார், குரல் முழுக்கச் சந்தோஷம். “டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்துட்டு உன் கட்சிக்கு வந்துட்டான்டா. வக்கீல்தான் இன்னும் உன்மேல கடுப்பா இருக்கான். நாளைக்கு உன்னை இன்னும் கொஞ்சம் கேவலமா வரைஞ்சு அனுப்பு, வழக்கம்போல நானே என் பேர்ல போட்டுடறேன்.”