இறக்கை நுனியில் தொங்கிய சுழல்காற்று

மேகத்துக்கு மேலே நடந்த சங்கதி இது. சாட்சிக்கு ஆள் கிடையாது, என் வாயைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளையம்மா என்று ஒரு கிழட்டு விமானம். அது பறக்கும்போதெல்லாம் ஒரு சுழல்காற்று, பஸ் ஃபுட்போர்டில் தொங்குகிற மாதிரி, இறக்கை நுனியில் ஓசியாகத் தொங்கிக்கொண்டு வரும். அதையும் சேர்த்து இழுத்து இழுத்து, வெள்ளையம்மாவுக்கு எவ்வளவு எரிபொருள் ஊற்றினாலும் போதாது. வழியெல்லாம் புகை வேறு.

"அடுத்த பயணத்தோடு காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார் முதலாளி.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்த்து, "இறக்கை நுனியை மேலே மடக்கினால் பிழைத்துக்கொள்ளும்" என்றார்கள்.

ஓடுபாதையில் சுற்றிக்கொண்டிருந்த சுழல்காற்று பதறிப்போனது. "வேண்டாம் அக்கா! நீட்டு இறக்கைதான் உங்களுக்கு அழகே. மடக்கினால் வானமே சிரிக்கும்!"

வெள்ளையம்மாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனது. ஆனாலும், "காயலான் கடையில் அழகாகக் கிடந்து நான் யாருக்குக் காட்டப் போகிறேன்?" என்று பட்டறைக்குள் நுழைந்துவிட்டது.

மறுபடி கிளம்பியபோது சுழல்காற்று வழக்கம்போலத் தாவியது. மேலே மடங்கியிருந்த நுனியில் பிடி வழுக்கியது.

"அக்கா, நுனியைக் கொஞ்சம் நீட்டுங்க, விழுந்திடுவேன்!"

"விழுடா ராசா, நீ காற்றுதானே, அடிபடாது!"

வெள்ளையம்மா பஞ்சாகப் பறந்தது. ஊர் போய்த் திரும்பி வந்து இறங்கியும் தொட்டியில் எரிபொருள் தளும்பியது. எட்டிப் பார்த்த முதலாளி, காத்திருந்த காயலான் கடைக்காரரிடம், "நீ வீட்டுக்குப் போய்யா" என்றார்.

அந்த மனுஷன் வெளியே போக வழியில்லை. நின்றிருந்த விமானமெல்லாம் நுனியை மடக்கிக்கொள்ள, வழியை அடைத்துப் பட்டறை வாசலில் வரிசை கட்டி முட்டிக்கொண்டிருந்தன.