சோற்றுக்குத் தடையில்லை

செக்போஸ்ட் மூங்கில் ஜீப்பின் மூக்குக்கு நேராக இறங்கியபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

குருவம்மாள் ஜீப்பிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். பன்னிரண்டரைக்குள் மலைமேல், கேரள எல்லைக்குள் இருக்கும் அவளுடைய ஹோட்டலில் இலை விழ வேண்டும். விழாவிட்டால் ஹோட்டல் போச்சு.

பேச்சுக்குச் சொல்லவில்லை, பத்திரமே அப்படித்தான்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஏலக்காய் மூட்டை மாட்டுவண்டியில் இறங்கிய காலத்தில், எல்லையோரம் இருந்த அந்தக் கட்டடத்தை அவள் மாமனார் கையில் கொடுத்த மகராசன் ஒரே ஒரு நிபந்தனைதான் எழுதினார். மலையேறி வருகிறவன் பசியோடு போகக் கூடாது. நாள் தவறாமல் மதியம் பன்னிரண்டரைக்குள் சோறு போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தவறவே இல்லை. பெருமழையில் ரோடு சரிந்து பஸ் நின்ற வாரத்திலும் இலை விழுந்தது. மாமனார் செத்த அன்றைக்கும் விழுந்தது. புருஷன் போன அன்றைக்கு, சுடுகாட்டுக்கு எடுத்துப் போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே வந்து பரிமாறினாள்.

எழுபத்து நாலில் வந்து சேர்ந்தது சனியன். தமிழ்நாட்டு அரிசி ஒரு மணிகூட கேரளத்துக்குள் போகக் கூடாது என்று உத்தரவு. அங்கே இங்கே கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாரம் ஓட்டினாள். நேற்றோடு அரிசிப் பானையின் அடி தெரிந்துவிட்டது.

பெரியமுத்துவுக்குக் கேட்க வேண்டுமா! அந்த மகராசன் பெற்ற பிள்ளைதான் அவன். என்ன செய்ய, அப்பன் குணம் நகக்கண் அளவுகூட ஒட்டவில்லை. கீழே தமிழ்நாட்டில் சாராயக்கடை எல்லாம் மூடியாகிவிட்டது. குடிக்கிறவன் பூராவும் மலையேறி வருகிறான். சோறு போடுகிற இடத்தில் பிராந்திக்கடை வைத்தால் எப்படியிருக்கும் என்று அவன் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தான்.

"நாளைக்கு உச்சிக்கு ரெண்டு சாட்சியோட வாரேன்" என்று நேற்று சொன்னவன், வீட்டுக்குக்கூட இறங்காமல் மேலேயே கூட்டாளிகளோடு தங்கிவிட்டான். எதற்குத் தங்கினான் என்று ஊருக்கே தெரியும்.

குருவம்மாள் சாயங்கால பஸ் ஏறிக் கீழே போனாள்.

இப்போது ஜீப்பின் பின்னால், ஈரச்சாக்கு சுற்றி, ஆள் உயரத்தில் பாதி இருக்கும் பித்தளை அண்டா உட்கார்ந்திருக்கிறது. யார் வீட்டு அடுப்பில் வெந்தது என்று டிரைவர் சுவக்கீன் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். "ரோட்டப் பாத்து ஓட்டுய்யா" என்பதுதான் பதில்.

செக்போஸ்ட் அதிகாரி மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசியோடு வந்தார். அண்டாவை மூடியிருந்த தட்டைத் தூக்கினார். குப்பென்று வந்த ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது.

"அரிசி தாண்டக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு, தெரியுமில்ல?"

"அரிசின்னுதானங்கய்யா போட்டுருக்கு? இது வெந்த சோறு. சாயங்காலம் ஊசிப்போயிரும், இதப் போயி யாரு பதுக்குவா?"

அவர் உள்ளே போய் உத்தரவை எடுத்து வந்தார். முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். அரிசி இருந்தது, நெல் இருந்தது, குருணைகூட இருந்தது. சோறு என்று எந்த வரியிலும் இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டு மூங்கிலை அவரே தூக்கிவிட்டார்.

சுவக்கீன் ஓட்டிய ஓட்டில் கொண்டை ஊசி வளைவெல்லாம் நேராகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். குருவம்மாள் அண்டாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஹோட்டல் வாசலில் பெரியமுத்து புதுப் பூட்டும் கையுமாக நின்றிருந்தான். உள்ளே வண்டன்மேட்டு ஏலக்காய்க்காரர்களும் லோடு ஏற்றுகிறவர்களும் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். குழம்பு வெந்து தயாராக இருந்தது. சோறுதான் இல்லை.

மணி பன்னிரண்டு இருபது.

நாலு பேர் ஓடிப்போய் அண்டாவை இறக்கினார்கள். "எலையப் போடுங்கடா!" என்று குருவம்மாள் போட்ட சத்தம் பக்கத்து பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. வரிசையாக இலை விழுந்தது. இலை மேல் சோறு விழுந்தது. சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் பசி தாங்காமல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பெரியமுத்துவுக்கு முகம் கறுத்துப் போயிற்று.

"செல்லாது! எவன் வீட்டுலயோ ஆக்குன சோத்தக் கொண்டாந்து போட்டா, அது செல்லாது!"

குருவம்மாள் ஈரச்சாக்கை உருவிப்போட்டுவிட்டு, அண்டாவை மெல்லத் திருப்பி வைத்தாள். கழுத்துக்குக் கீழே பொட்டுப்பொட்டாக வெட்டிய எழுத்து இருந்தது.

வேலுத்தாய். கல்யாணச் சீர்.

பெரியமுத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தான். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், மணவறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயர் அது. அவனுடைய வீட்டு அண்டா, அவனுடைய வயல் அரிசி, அவனுடைய பெண்டாட்டி ஆக்கிய சோறு.

குருவம்மாள் அவனுக்கும் ஓர் இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள்.

"உக்காருங்க. அண்டாவ நீங்களே வெளக்கித் தூக்கிட்டு, சாயங்கால பஸ்ஸுல வீடு வந்து சேரணும்னு அக்கா சொல்லிவிட்டாக."